மூன்றாம் மாடி போட்ட சைபர்

முப்பத்துநான்கு வருடமாக ஊரையே மேலே ஏற்றிக் கீழே இறக்கிவிட்டவர், தன் வீட்டுக்கு மட்டும் மூன்று மாடி படியேறித்தான் போனார். அவர் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. "சொந்த வீட்டுக்கு ஒரு லிஃப்ட் வெச்சுக்க வக்கில்ல, பேரு மட்டும் லிஃப்ட்காரர்" என்று காய்கறிப் பையோடு ஏறும்போதெல்லாம் மனைவி மூச்சு வாங்கிக்கொண்டே சொல்வாள். "படி ஏறினா உடம்புக்கு நல்லது" என்பார் அவர். சொல்லிவிட்டு, இரண்டாவது மாடித் திருப்பத்தில் செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் நின்று தானும் இளைப்பாறிக்கொள்வார்.

அக்கம்பக்கத்தில் அவருடைய பெயர் யாருக்கும் தெரியாது. லிஃப்ட்காரர் என்றால் தெரியும். அதேபோல, மேம்பாலத்துக்குக் கீழே இருந்த காமிக்ஸ் கடைக்கு வந்துபோகிறவர்களுக்கு அவருடைய மகளின் பெயர் தெரியாது. அவர்களுக்கு அவள் 'மூன்றாம் மாடி'.

புதன்கிழமைதோறும் அந்தக் கடைக்குப் புதுப் புத்தகங்கள் வரும். சனிக்கிழமை காலையில் கடைக்காரர் ஒரே ஒரு தாள் அச்சடிப்பார். அந்த வாரம் வந்த சூப்பர் ஹீரோ புத்தகங்களைப் பற்றி நாலு நாலு வரி, கடைசியில் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண், அடியில் 'மூன்றாம் மாடி' என்ற கையெழுத்து. ஒரு தாளைக் கடை வாசல் கண்ணாடியில் ஒட்டிவிட்டு மற்றதைக் கல்லாமேல் வைப்பார். ஆறு வருடமாக அதை எழுதியவள் லிஃப்ட்காரரின் மகள். யார் எழுதுகிறார்கள் என்று வெளியில் சொல்லக் கூடாது என்பது அவளுக்கும் கடைக்காரருக்கும் இடையே இருந்த ஒப்பந்தம். "மூஞ்சி தெரிஞ்சா மரியாதைக்குச் சண்டை போடாம போயிடுவாங்க அண்ணா" என்று அவள் சொல்லியிருந்தாள்.

சண்டைக்குக் குறைவில்லை. முக்கியமாக, இரண்டு தெரு தள்ளி இருந்த பல் டாக்டர். அவர் சனிக்கிழமை மத்தியானம் வருவார், சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுப்பார், கண்ணாடியில் ஒட்டியிருக்கும் தாளின் ஓரத்திலேயே மறுப்பு எழுதிவிட்டுப் போவார். "எட்டு மதிப்பெண்ணா? ஐயா நல்ல கண்ணாடி போட்டுக்கொள்ளவும்." அடுத்த வாரத் தாளில் அதற்குப் பதில் வரும். "டாக்டர் வலிக்காமல் பிடுங்கக் கற்றுக்கொள்ளவும்." புத்தகம் வாங்காதவர்கள்கூட இந்தக் கூத்தைப் பார்க்க வருவார்கள்.

கடைசி இரண்டு வருடம் மகள் உடம்பு முடியாமல் படுத்திருந்தபோது, புத்தகக் கட்டை வாங்கிவரும் வேலை அப்பாவின் தலையில் விழுந்தது. கடையில் ஒரு நீளமான மர அலமாரி. வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு அறை, அறையின் நெற்றியில் பெயர்ச்சீட்டு. 'மூ.மா.' என்று எழுதியிருந்த அறையிலிருந்து கட்டை எடுத்து, கருவிப் பைக்குள் வைத்து, வேலை முடிந்ததும் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார். உள்ளே இருப்பதை அவர் ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை. ஜட்டியைப் பேன்ட்டுக்கு மேலே போட்டுக்கொண்டு பறக்கிறவர்களைப் பற்றி ஆறு வருடம் எழுத என்ன இருக்கிறது என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

பன்னிரண்டு வாரத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், மகள் போய்விட்டாள்.

அதற்கு அடுத்த வாரப் புதன்கிழமை, கால் பழக்கத்தில் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. "வாங்க சார். போன வாரக் கட்டு அப்படியே கெடக்கு. தங்கச்சி எழுதியும் அனுப்பல. ரொம்ப முடியலையா?" என்றார் கடைக்காரர். லிஃப்ட்காரர் சொல்லத்தான் வாயைத் திறந்தார். கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளில், மதிப்பெண் இருக்க வேண்டிய இடத்தில், 'மூன்றாம் மாடி இந்த வாரம் விடுமுறை' என்று கட்டம் போட்டு அச்சாகியிருந்தது. அதன் முன்னால் இரண்டு கல்லூரிப் பிள்ளைகள்.

"சே, மூணாம் மாடி லீவாம்டா. எதை வாங்குறதுன்னே தெரியல."

"அடுத்த வாரம் வந்துடும் விடு."

லிஃப்ட்காரர் கடைக்காரரிடம் திரும்பி, "அனுப்பிடுவா" என்றார்.

அந்த ஒரு சொல்தான். உறவுக்காரர்களுக்குச் சொல்லியாகிவிட்டது, அடுத்த வீட்டுக்குத் தெரியும், அவள் வேலை பார்த்த ஆபீஸில் அவள் மேசைக்கு வேறு ஆள் வந்தாகிவிட்டது. எல்லா இடத்திலும் அவள் இறந்துவிட்டாள். அந்தக் கடையில் மட்டும்தான் லீவில் இருந்தாள்.

அன்றிலிருந்து அவர் காமிக்ஸ் படிக்க ஆரம்பித்தார். வீட்டில் படிக்க முடியாது, மனைவி பார்ப்பாள். பராமரிப்புக்குப் போகும் கட்டடங்களின் உச்சியில், மோட்டார் அறையில், கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்து படித்தார். மகளின் பழைய நோட்டுப் புத்தகங்கள் ஏழெட்டு இருந்தன. 'வில்லனுக்கு வேலை வெட்டி இல்லை', 'ஓவியருக்குக் குதிரை வரையத் தெரியாது என்பதைப் புகை போட்டு மறைத்திருக்கிறார்' என்று அவள் குறித்து வைத்திருந்ததில் ஒன்றிரண்டைப் பொறுக்கிச் சேர்ப்பார். மீதியைச் சொந்தமாக எழுதுவார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகளுடைய போனில், ஒற்றை விரலால் தட்டி அனுப்பிவிட்டு, கடைக்காரரின் பதில் வரும்வரை போனையே பார்த்துக்கொண்டிருப்பார். 'வந்துச்சு தங்கச்சி' என்று வந்த பிறகுதான் மூச்சு வரும்.

சொந்தமாக எழுதியதில் தொழில் புத்தி எட்டிப் பார்த்தது. 'பறக்கத் தெரிந்தவன் எதற்காக ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வர வேண்டும்? பக்கத்திலேயே கதவு வரைந்திருக்கிறதே' என்று எழுதினார். 'இருபது மாடிக் கட்டடத்தைத் தோளால் தாங்குகிறான், சரி. தாங்கும்போது லிஃப்டுக்குள் இருந்தவர்கள் கதி என்ன என்று கதாசிரியர் சொல்லவில்லை' என்று இன்னொரு வாரம். கடையில் சிரித்தார்கள். பல் டாக்டர் மட்டும் சிவப்பில் எழுதினார்: "மூன்றாம் மாடி எப்போது பராமரிப்புத் துறைக்கு மாறினார்?" அதைப் படித்துவிட்டு லிஃப்ட்காரருக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

பன்னிரண்டாவது வாரம் நாலு புத்தகங்கள் வந்தன. முதலாவது 'ஏழு காவலர்'. ஏழு பேரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, உலகத்தை யார் காப்பாற்றுவது என்று இருபது பக்கம் பேசுகிறார்கள். 'குடியிருப்போர் சங்கக் கூட்டம் தேவலாம், அங்கே டீயாவது தருவார்கள்' என்று எழுதி நாலு போட்டார். அடுத்தது 'உப்பு மனிதன்'. மழை பெய்தால் கரைந்துபோகிறவன், மழைக்காலத்தில்தான் எல்லா வேலையையும் வைத்துக்கொள்கிறான். ஓவியம் நன்றாக இருந்ததால் ஆறு. மூன்றாவது 'இரவல்'. பிறர் சக்தியை ஒரு மணி நேரத்துக்கு வாங்கிக்கொள்ளக்கூடியவள், இந்த முறை ஒரு கிழவரின் சக்தியை வாங்குகிறாள். அவருக்கு இருந்த ஒரே சக்தி பொறுமை. அது அவருக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. எட்டரை.

நாலாவது 'இரும்புத் தும்பி'. எழுபத்துமூன்றாவது இதழ்.

தும்பி மகளின் செல்லம். ஆறு வருடத்தில் தும்பிக்கு அவள் ஏழுக்குக் கீழே கொடுத்ததே இல்லை. ஒரு தடவை ஆறரை கொடுத்துவிட்டு, அடுத்த வாரமே 'காய்ச்சலில் எழுதியது' என்று திருத்தம் போட்டவள். அதனால் லிஃப்ட்காரர் எட்டு போடுவது என்று முதலிலேயே முடிவுசெய்துவிட்டுத்தான் பிரித்தார்.

பதின்மூன்று பக்கம் நன்றாகத்தான் போயிற்று. ஒரு கட்டடத்தின் மோட்டார் அறைக்குள் வில்லனைத் தும்பி மடக்குகிறாள். மோட்டார் அறையை உட்கார்ந்து பார்த்து வரைந்திருக்கிறான் படுபாவி என்று நினைத்தார். சக்கரம், பிரேக், சுவரில் மாட்டிய கைப்பிடி எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. வில்லன் வெட்டரிவாளால் லிஃப்டின் ரோப்பை வெட்டுகிறான்.

பதினான்காம் பக்கத்தில் பேச்சே இல்லை. மேலிருந்து கீழே மூன்று படங்கள். முதல் படத்தில் அறுந்த ரோப்பைத் தும்பி இரண்டு கையாலும் பிடிக்கிறாள். இரண்டாவதில் வில்லன் வாசல் வழியாக ஓடுகிறான், அவள் திரும்பிப் பார்க்கிறாள். மூன்றாவதில் அவள் உள்ளங்கைகள் விரிந்திருக்கின்றன. ரோப் இல்லை.

எதிர்ப்பக்கம், பதினைந்து. அங்கேயும் மூன்று. முதல் படத்தில் லிஃப்டுக்குள் ஐந்து பேர், ஒரு சின்னப் பெண் அழுகிறாள். இரண்டாவதில் கதவிடுக்கில் கைகள், நிறையக் கைகள். மூன்றாவதில் லிஃப்ட் குழியில் விழுந்து நொறுங்கிக் கிடக்கிறது.

லிஃப்ட்காரர் புத்தகத்தை மூடினார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கீழே யாரோ எந்த மாடிக்கோ போய்க்கொண்டிருந்தார்கள்.

அவர் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டால், மெயினை அணைத்துவிட்டுப் பிரேக்கைக் கையால் தளர்த்தி, சக்கரத்தைச் சுற்றி, பக்கத்து மாடிக்குக் கொண்டுவர வேண்டும். ஆனால் பிரேக்கில் கை வைப்பதற்கு முன்னால், "உள்ளே எத்தனை பேர்?" என்று குரல் கொடுத்து, பதில் காதில் விழ வேண்டும். பிறகு, எல்லோரும் வெளியே வந்தாயிற்று என்ற பதில் வராமல் கையை எடுக்கக் கூடாது. முப்பத்துநான்கு வருடத்தில் ஒரு தடவைகூட அவர் அதை மீறியதில்லை. லிஃப்டில் என்றால்.

அந்தச் செவ்வாய்க்கிழமை போன் வந்தபோது அவர் கை மகளின் கைமேல் இருந்தது. ஒரு கட்டடத்தில் எட்டுப் பேர் மாட்டிக்கொண்டிருந்தார்கள், பக்கத்தில் வேறு மெக்கானிக் இல்லை. "போங்கப்பா, உள்ள ஆள் இருக்காங்கல்ல" என்றாள் அவள். கையை எடுத்துக்கொண்டு எழுந்தார். போய்வர நாற்பது நிமிடம். திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது.

பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்தபடியே போனை எடுத்து எழுதினார்: 'இரும்புத் தும்பி 73. உள்ளே ஆள் இருக்கிறார்களா என்று இவள் கேட்கவில்லை. ஓடுகிறவனைப் பிடிப்பதற்காகக் கையை விட்டாள். அவன் நாளைக்கும் கிடைப்பான். இவளுக்கு இனி ரோப்பைத் தொடும் தகுதி கிடையாது. பத்துக்கு 0.'

அனுப்பிய பிறகு, வழக்கமாக வரும் பதில் அன்றைக்கு வரவில்லை. சனிக்கிழமை காலை பல் துலக்கும்போதுதான் போன் முனகியது. 'தங்கச்சி, தும்பிக்கு சைபரா? பத்து அடிக்கப்போய் ஒண்ணு விட்டுப்போச்சா? அச்சுக்குப் போகணும், சீக்கிரம் சொல்லு.' நுரை வழியும் வாயோடு நின்றுகொண்டு, 'சைபர்தான்' என்று தட்டினார். தட்டி முடித்ததும் ஏன் தட்டினோம் என்று தோன்றியது.

மத்தியானம் மேம்பாலம் வழியாகப் போக வேண்டிய வேலை எதுவும் இல்லாமலே அந்த வழியாகப் போனார். கண்ணாடிக்கு முன்னால் பத்துப் பேர் நின்றார்கள்.

"மூணாம் மாடிக்கு மறை கழண்டுடுச்சு."

"அக்கவுன்ட்டை யாராச்சும் திருடியிருப்பாங்கடா."

"தாள்ல ஏதுடா அக்கவுன்ட்டு?"

தலைகளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். ஓரம் முழுக்கச் சிவப்பு. "இதை எழுதியவர் மூன்றாம் மாடி இல்லை. ஆறு வருடமாக அவரோடு சண்டை போட்டவன் சொல்கிறேன். பதினான்கு, பதினைந்தாம் பக்கங்களை அவர் இப்படிப் படித்திருக்கவே முடியாது. பதினாறாம் பக்கத்தைப் புரட்டவே இல்லையா? மூன்றாம் மாடி எங்கே? எனக்குத் தெரிந்தாக வேண்டும்."

"சார், ஒரு நிமிஷம் உள்ள வாங்க." கடைக்காரர் பார்த்துவிட்டார். "டாக்டர் என்னையே சந்தேகப்படுறாரு சார். கொஞ்ச நாளா நான்தான் அந்தப் பேர்ல எழுதுறேங்கறாரு. புதன்கெழமை ஆறு மணிக்கு வர்றேன், ஆளைக் கண்ணுல காட்டுன்னுட்டாரு. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், நான் காட்ட மாட்டேன். ஆனா தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடறேனே" என்றபடி போனைக் காதில் வைத்தார்.

லிஃப்ட்காரரின் பேன்ட் பைக்குள் போன் அடித்தது.

இருவரும் அந்தப் பையைப் பார்த்தார்கள். போன் நாலு தடவை அடித்து ஓய்ந்தது.

"ரிப்பேருக்குக் குடுக்கச் சொன்னா" என்றார் லிஃப்ட்காரர்.

"நல்லாத்தானே அடிக்குது?"

"சார்ஜ் நிக்கல."

"காலைல மெசேஜ் வந்துச்சே சார்?"

"அதுக்கப்புறம்தான் நிக்கல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. புதன்கிழமை ஆறு மணி. இன்னும் நாலு நாள். உண்மையைச் சொன்னால் கடைக்காரர் அலமாரியிலிருந்து அந்தச் சீட்டைக் கிழிப்பார். கிழிக்கத்தானே வேண்டும்? அதோடு அந்த இடத்திலும் முடிந்துவிடும். பொய் சொன்னால்? வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டாள் என்றால்? வெளியூரிலிருந்து எழுதலாமே என்பார்கள். எழுதி மாட்டிக்கொண்டதுதானே இவ்வளவும்? வீடு வந்து சேர்வதற்குள் பதினோரு பொய்களைத் தயார்செய்தார். ஒவ்வொன்றிலும் அந்தச் சிவப்புப் பேனா ஒரு ஓட்டை கண்டுபிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். அவர் ஜன்னல் ஓரம் பேப்பரை விரித்து வைத்து, ஒரே செய்தியை அரை மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தத் தும்பி புக்கை எடுங்க" என்றாள்.

"எந்தத் தும்பி?"

"உங்க பையில, ஸ்பானருக்கு அடியில இருக்கு பாருங்க, அந்தத் தும்பி."

அவர் பேப்பரை ஒரு பக்கம் புரட்டினார். அவளே எழுந்துபோய் எடுத்துவந்தாள். கூடவே மடித்த தாள்கள், பத்துப் பன்னிரண்டு. "டிபன் டப்பாவைக் கழுவ எடுக்கிறது யாரு இந்த வீட்ல? மூணாவது வாரமே தெரியும்."

"ஏன் கேக்கல?"

"நீங்க ஏன் சொல்லல? சரி, ரெண்டு பேருக்கும் கணக்கு சரியாப் போச்சு. இப்படி வாங்க." புத்தகத்தைக் கட்டிலில் போட்டுப் பதினான்கையும் பதினைந்தையும் அகலமாகப் பிரித்து, நடு மடிப்பைக் கையால் அழுத்தித் தேய்த்தாள். "சைபர் போட்டிருக்கீங்களே, இதை எப்படிப் படிச்சீங்க?"

விரலால் காட்டினார். இடது பக்கம் மேலிருந்து கீழே. பிறகு வலது பக்கம் மேலிருந்து கீழே.

"நெனச்சேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "மடிப்புல என்ன, சுவரா எழுப்பி வெச்சிருக்கு? ரெண்டு பக்கமும் ஒரே படங்க. குறுக்கால படிக்கணும். பொண்ணு எனக்குப் படுக்கையில வெச்சு சொல்லிக் குடுத்தா. கோடு மடிப்பைத் தாண்டிப் போச்சுன்னா கண்ணும் தாண்டிப் போகணுமாம். ஆமா, அந்த ரோப் எங்க போகுதுன்னு பாத்தீங்களா? உங்க தொழில்தானே?"

பார்த்தார். தும்பியின் கையிலிருந்து புறப்பட்ட ரோப் மடிப்புக்குள் நுழைந்து, அந்தப் பக்கம் வெளியே வந்து, ஐந்து பேர் நிற்கும் லிஃப்டின் தலையில் போய் முடிந்தது. அவள் பிடித்தபோதே அவர்கள் உள்ளே இருந்தார்கள். அடுத்த வரிசை. வில்லன் ஓடுகிறான், அவள் திரும்பிப் பார்க்கிறாள், ஆனால் ரோப்பை விடவில்லை. அதே நேரத்தில் எதிர்ப்பக்கத்தில் கதவிடுக்கில் கைகள். அவை தவிக்கிற கைகள் இல்லை, வெளியே இழுக்கிற கைகள். கடைசி வரிசை. உள்ளங்கைகள் விரிகின்றன, காலி லிஃப்ட் குழியில் விழுகிறது.

மனைவி பக்கத்தைப் புரட்டினாள். பதினாறு. நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து அந்தச் சின்னப் பெண் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

லிஃப்ட்காரர் மறுபடி பதினான்குக்குப் போனார். குறுக்காகப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"அன்னிக்கு," என்று ஆரம்பித்தார். பன்னிரண்டு வாரமாக அவர் கேட்காமல் இருந்த கேள்வி. "நான் போனதுக்கப்புறம்."

மனைவி ஒரு துண்டை எடுத்து மடித்தாள். "பத்து நிமிஷம் பேசிக்கிட்டுத்தான் இருந்தா. தலையணையை ஒசத்தி வெக்கச் சொன்னா. 'அப்பா இந்நேரம் மேல ஏறியிருப்பாரு, எத்தனை பேருன்னு கத்திக் கேட்டிருப்பாரு'ன்னு சிரிச்சா. அப்புறம் தூங்கினா. அப்படியேதான்." துண்டு ஏற்கெனவே மடித்தாகிவிட்டது. பிரித்து மறுபடி மடித்தாள். "நீங்க வந்து நின்னதும், யாருமே கேக்காம, எட்டுப் பேரையும் எடுத்தாச்சுன்னு சொன்னீங்க. ஞாபகம் இருக்கா?"

அவருக்கு ஞாபகம் இல்லை.

புதன்கிழமை மூன்று கட்டடங்களில் வேலை இருந்தது. மூன்றிலும் செய்ததையே இரண்டு தடவை சரிபார்த்தார். ஒரு காவலாளி, "என்ன சார், இன்னிக்கு லிஃப்டுக்குப் பரீட்சையா?" என்று கேட்டே விட்டான். தும்பியைச் சரியாகப் படித்துவிட்டதால் பயம் குறைந்துவிடவில்லை. கூடியிருந்தது. மகள் ஆறு வருடம் சேர்த்த பெயருக்கு மேல் அவருடைய சைபர் ஒட்டியிருந்தது, ஊர் பார்க்க.

ஆறு மணிக்குப் போனார். பல் டாக்டர் ஏற்கெனவே வந்திருந்தார். ஒல்லியான மனிதர், வெள்ளைக் கோட்டை மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தார், மருந்து வாசனை அடித்தது. சட்டைப் பையில் அந்தப் பேனா.

"இவர்தான்..." என்று கடைக்காரர் இழுத்தார்.

"இவரா?" டாக்டர் மேலும் கீழும் பார்த்தார். "இவர் இல்ல. மூன்றாம் மாடி முப்பதைத் தாண்டாத பையன். எழுத்துலயே தெரியும்."

லிஃப்ட்காரர் பதினோரு பொய்களையும் தேடினார். ஒன்றும் கையில் கிடைக்கவில்லை. "பையன் இல்லைங்க. என் பொண்ணு. பன்னண்டு வாரம் ஆச்சு. செவ்வாய்க்கெழமை" என்றார். பிறகு, அதுதான் முக்கியம் என்பதுபோலச் சேர்த்துக்கொண்டார்: "சைபர் போட்டது நான். எனக்குக் குறுக்கால படிக்கணும்னு தெரியாது."

மேம்பாலத்தில் லாரி ஒன்று போக, கடைக் கண்ணாடிகள் அதிர்ந்து அடங்கின. கடைக்காரர் கையை அலமாரிப் பக்கம் கொண்டுபோனார். 'மூ.மா.' சீட்டின் மேல் அவர் விரல் நின்றது. கிழிக்கப் போகிறாரா, சும்மா தொடுகிறாரா என்று அவருக்கே தெரிந்திருக்காது. லிஃப்ட்காரர் அந்த விரலையே பார்த்தார். "எடுக்கணுமா சார்?" என்று கடைக்காரர் மெதுவாகக் கேட்டார்.

"எதுக்கு எடுக்கணும்?" டாக்டர் குறுக்கே புகுந்தார். "திருத்தம் யார் போடுறது? உம்ம தாத்தாவா?" பேனாவை எடுத்தார், மூடியைக் கழற்றினார், மாட்டினார். "பொண்ணா," என்றார் பிறகு, தனக்குத்தானே. "ஐயா ஐயான்னு எழுதியிருக்கேனே. ஒரு தடவையாவது திருத்தியிருக்கலாமில்ல." கண்ணைத் துடைத்துக்கொள்ள அந்தப் பக்கம் திரும்பியவர், திரும்பி வந்து சண்டைக் குரலில் கேட்டார்: "சார், நீங்க என்ன வேலை?"

"லிஃப்ட் மெக்கானிக்."

"அதானே பாத்தேன். பத்துப் பன்னண்டு வாரமா ஒரே லிஃப்டும் படிக்கட்டுமா இருக்கு. தும்பிக்குப் போட்ட சைபர் அப்படியே நிக்கக் கூடாது. சனிக்கெழமைக்குள்ள மாத்திக் குடுங்க. ஆனா பொய்யா அவங்க பேர்ல வேணாம்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் லிஃப்ட்காரர் வீட்டிலேயே, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினார். ஒன்பது தடவை அடித்துத் திருத்தினார். மனைவி பார்த்துவிட்டு, "பரீட்சைக்குக்கூட இப்படி எழுதியிருக்க மாட்டீங்க" என்றாள். மகளுடைய போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, தன் போனிலிருந்து அனுப்பினார்.

சனிக்கிழமை கண்ணாடியில் அது இருந்தது. மேலே இரண்டு வரிகளில், மூன்றாம் மாடி யார், எப்போது போனாள் என்று கடைக்காரர் போட்டிருந்தார். அதற்குக் கீழே:

'திருத்தம். இரும்புத் தும்பி 73. பதினான்கையும் பதினைந்தையும் நான் தவறாகப் படித்தேன். உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் வெளியே வந்த பிறகுதான் தும்பி கையை விட்டாள். என் மகள் இதற்கு ஒன்பது கொடுத்திருப்பாள். நான் கொடுப்பது ஆறரை. ஏனென்றால் ரோப் அறுந்தாலும் லிஃப்ட் அப்படி விழாது, வேகம் கூடினால் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளும் பிரேக் ஒன்று அடியில் உண்டு. அதை ஓவியர் வரையவில்லை. லிஃப்ட்காரர், மூன்றாம் மாடி.'

தெருவுக்கு எதிர்ப்பக்கத்தில், பூட்டிக்கிடந்த ஒரு கடையின் ஷட்டரில் சாய்ந்து நின்றுகொண்டு அவர் பார்த்தார். வருகிறவர்கள் படித்தார்கள். சிலர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு மறுபடி படித்தார்கள். யாரும் பேசவில்லை. அவருக்கு அதுதான் பயமாக இருந்தது. எல்லோரும் இப்படி மரியாதையாக நின்றுவிட்டுப் போய்விட்டால் அத்தோடு முடிந்தது. அடுத்த வாரம் சண்டை இருக்காது, தாள் இருக்காது, அலமாரி அறைக்கு வேறு யாராவது வருவார்கள்.

ஒன்றரை மணிக்குப் பல் டாக்டர் வந்தார். படித்தார். வெகுநேரம் நின்றார். கை சட்டைப் பைக்குப் போய், எதையும் எடுக்காமல் கீழே இறங்கியது. லிஃப்ட்காரர் ஷட்டரிலிருந்து முதுகை எடுத்தார். டாக்டர் இரண்டடி நடந்தார். நின்றார். திரும்பி வந்து பேனாவை எடுத்து, கண்ணாடியோடு மூக்கு ஒட்டுகிற மாதிரி குனிந்து எழுத ஆரம்பித்தார்.

அவர் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்துவிட்டு லிஃப்ட்காரர் சாலையைக் கடந்தார். ஒரு ஸ்கூட்டர்காரன் திட்டியது காதில் விழவில்லை.

ஓரத்தில் சிவப்பு எழுத்து, கொஞ்சம் கோணலாக: "பிரேக் விஷயம் சரி. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆறரையா? நாற்பது வருடம் லிஃப்ட் பார்த்தவருக்குக் கதை பார்க்கத் தெரியவில்லை. ஒன்பதுதான் சரி."

"முப்பத்துநாலு" என்றார் லிஃப்ட்காரர், கண்ணாடியைப் பார்த்து. காதுமடல் சூடாகியது. கருவிப் பையைத் தரையில் வைத்து, ஸ்பானர்களுக்கு அடியில் கைவிட்டுப் பேனாவைத் தேடினார்.